காதால் படிப்பதும் கண்ணால் படிப்பதும்: எங்கே ஒன்று, எங்கே வேறு?

ஆடியோ புத்தகம் கேட்பவர்களிடம் ஒரு தயக்கத்தைப் பார்க்கலாம். "அந்த நாவலைப் படித்தாயிற்றா?" என்று யாராவது விசாரித்தால், "படிக்கவில்லை, கேட்டேன்" என்று கொஞ்சம் இறங்கிய குரலில் சொல்வார்கள். கேட்டதைப் படித்த கணக்கில் சேர்க்கலாமா என்ற சந்தேகம் அவர்களுக்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், "இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குப் பதில் காது, அவ்வளவுதான்" என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு.

இதை ஆராய்ச்சியாளர்கள் நிறையவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பொருளைப் புரிந்துகொள்ளும் இடத்தில் கேட்பதும் படிப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. வேகம் யார் கையில் இருக்கிறது என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. இந்த இரண்டாவது விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புத்தகத்தைத் தைரியமாகக் கேட்கலாம், எதைக் கையில் எடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

படிப்பது என்றால் இரண்டு வேலை

ஒரு பக்கத்தைப் படிக்கும்போது ஒரே ஒரு வேலையைச் செய்வது போலத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, தாளில் இருக்கும் கோடுகளையும் சுழிகளையும் எழுத்துகளாக அடையாளம் கண்டு, அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவது. எழுத்துக்கூட்டுதல் என்று பள்ளியில் சொல்வோமே, அது. இரண்டாவது, அந்தச் சொற்களைக் கோத்து வாக்கியத்தின் பொருளைப் பிடிப்பது, அதை முன்னால் வந்ததோடு இணைப்பது, எழுதியவர் சொல்லாமல் விட்டதை ஊகிப்பது.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு சின்னக் கணக்காகச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்ளும் திறன். அதைக் கூட்டலாகச் சொல்லாமல் பெருக்கலாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். எழுத்து தெரியாதவருக்குத் தாய்மொழிக் கதைகூட வெறும் கோடுகள்தான். எழுத்து தெரிந்து மொழி தெரியாவிட்டாலும் அதே கதிதான். தேவநாகரி எழுத்தை மட்டும் கற்றுக்கொண்ட ஒருவர் ஒரு மராத்திப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட முடியும், ஒரு வரியும் புரியாமல்.

ஆடியோ புத்தகம் இந்த முதல் வேலையை மட்டும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. குரல் கொடுப்பவர் நமக்காக எழுத்துக்கூட்டிவிடுகிறார். இரண்டாவது வேலையில் ஒரு துளியைக்கூட அவர் நமக்காகச் செய்ய முடியாது. யார் யாருக்கு என்ன உறவு, போன அத்தியாயத்தில் இவன் ஏன் பொய் சொன்னான், இந்த வாதம் எங்கே இடிக்கிறது, எல்லாவற்றையும் கேட்பவர்தான் மனதில் கட்ட வேண்டும். பல ஆண்டுகள் படித்துப் பழகியவருக்கு எழுத்துக்கூட்டுதல் ஏறக்குறைய தானாக நடந்துவிடும். அவருடைய உண்மையான உழைப்பு எப்போதுமே இரண்டாவது வேலையில்தான். ஆகவே "கேட்பது சோம்பேறி வழி" என்பது அவர் விஷயத்தில் சரியில்லாத பேச்சு.

குழந்தைகள் விஷயம் வேறு. இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைக்கு அந்த முதல் வேலைதான் மலை. கதை கேட்பதால் அந்தப் பிள்ளைக்குச் சொல்வளம் கூடும், வாக்கியங்களின் அமைப்பு காதில் பதியும், கதை என்றால் எப்படி நகரும் என்று தெரியும். ஆனால் எழுத்துக்கூட்டுதல் மட்டும் கேட்டுக் கேட்டு வராது. அது எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஆகவே ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஆடியோ புத்தகம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் எழுத்துப் பயிற்சியின் இடத்தில் அதை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சத்தத்தைக் கேட்டபடியே அதே வரியில் விரலை ஓட்டி வரச் சொன்னால் இன்னும் நல்லது.

மூளைக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். எழுத்து தோன்றி சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சு அதைவிட மிக மிகப் பழையது. எழுத்தைப் படிப்பதற்கென்று பிறவியிலேயே மூளையில் ஒரு இடம் உருவாகிவிட இந்தக் காலம் போதாது. அதனால் மூளை வேறு வேலைக்கு இருந்த இடத்தைப் படிப்புக்குப் பழக்கிக்கொள்கிறது என்று பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண உதவும் பகுதியை ஒட்டி, இடப்பக்க மூளையின் பின்கீழ்ப் பகுதியில், எழுத்துகளை அடையாளம் காணும் ஒரு இடம் பயிற்சியால் உருவாகிறது. அங்கிருந்து கிளம்பும் பாதை, பேச்சைப் புரிந்துகொள்ளும் பழைய பாதையோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கண் வழியாகப் போனாலும் காது வழியாகப் போனாலும் கடைசியில் சேரும் இடம் ஒன்றுதான்.

2019-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஃபாத்மா டெனிஸும் ஜாக் கேலன்ட்டும் அவர்கள் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 9 பேர், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுத்துக்கொண்டு சில கதைகளைக் கேட்டார்கள். அதே கதைகளைப் படிக்கவும் செய்தார்கள். எந்தப் பொருள் கொண்ட சொற்கள் மூளையின் எந்தப் பகுதிகளைத் தூண்டுகின்றன என்று வரைபடம் போட்டுப் பார்த்தபோது, இரண்டு வரைபடங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. இந்த ஆய்வைப் பற்றிச் செய்தி சொன்ன பலர் ஒரு நுணுக்கத்தை விட்டுவிட்டார்கள். படிக்கும் கட்டத்தில் அந்த 9 பேருக்கும் முழுப் பக்கம் காட்டப்படவில்லை. கதை சொன்னவர் எந்த வேகத்தில் பேசினாரோ அதே வேகத்தில், ஒவ்வொரு சொல்லாகத் திரையில் வந்து போனது. அதாவது, கண்ணுக்கும் காதுக்கும் வேகத்தைச் சமமாக வைத்துவிட்டார்கள். வேகத்தைச் சமமாக்கினால் பொருள் சமம். சரி, வேகம் சமமாக இல்லாவிட்டால்?

சோதனைகள் சண்டை போடுவது போல் தெரியும்

இணையத்தில் தேடினால் இரண்டு விதமான முடிவுகளும் கிடைக்கும், குழப்பம்தான் மிஞ்சும்.

2016-இல் பெத் ரோகௌஸ்கியும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் செய்த சோதனையில், போர்க்கால வரலாறு பற்றிய ஒரு புத்தகத்தின் பகுதிகளை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு கேட்டது. ஒரு குழு மின்வாசிப்புக் கருவியில் படித்தது. மூன்றாவது குழு ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே படித்தது. உடனே வைத்த தேர்விலும் சரி, இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் 2010-இல் டேவிட் டேனியலும் வில்லியம் வுடியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், பாடத்துக்கான ஒரு கட்டுரையைப் பாட்காஸ்ட்டாகக் கேட்டவர்கள், அச்சில் படித்தவர்களைவிடத் தேர்வில் தெளிவாகப் பின்தங்கினார்கள்.

யார் சொல்வது சரி? இரண்டுமே சரிதான். 2022-இல் வர்ஜீனியா கிளின்டன்-லிசெல் இப்படிப்பட்ட 46 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். மொத்தமாக எடுத்தால் கேட்பதற்கும் படிப்பதற்கும் நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை. ஆனால் படிப்பவர் தன் விருப்பப்படி நிதானமாகப் போகவும் திரும்பி வரவும் முடிந்த ஆய்வுகளில் படிப்பு கொஞ்சம் முந்தியது. நேரடியாகச் சொல்லப்படாததை ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் படிப்புக்கே சாதகம். வேகம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டபோது அந்தச் சாதகம் காணாமல் போனது. ஆக, எழுத்துக்குக் கிடைக்கும் சாதகம், வேகம் நம் கையில் இருப்பதால் கிடைப்பது.

கண் திரும்பிப் போகும்

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. அது தாவித் தாவிப் போகிறது. ஒரு இடத்தில் நொடியில் நான்கில் ஒரு பங்கு நேரம் நிற்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். நிற்கும்போதுதான் பார்க்கிறது. இந்தத் தாவல்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியவை. படித்த சொல்லுக்கே, சில சமயம் மேல்வரிக்கே, கண் திரும்பிப் போகிறது. பெரும்பாலும் நமக்கே தெரியாமல்.

இந்தப் பின்தாவல் வெறும் கெட்ட பழக்கமா, அதற்கு வேலை ஏதாவது இருக்கிறதா? வேகவாசிப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் இதை ஒழிக்கச் சொல்வது வழக்கம். எலிசபெத் ஷாட்டர், கீத் ரேனர் முதலானோர் 2014-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு சொல்லைக் கண் தாண்டியதும் அந்தச் சொல் திரையில் மறைக்கப்படும். திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. இப்படிச் செய்ததும் புரிதல் குறைந்தது. கடினமான, குழப்பமான வாக்கியங்களில் மட்டுமல்ல, சாதாரண வாக்கியங்களிலும் குறைந்தது. நாம் உணராமலே செய்யும் அந்தச் சின்னத் திரும்பல்களால்தான் படிப்பின் ஒரு பகுதி நிற்கிறது.

காதுக்கு இந்த வசதி இல்லை. சொன்ன சொல் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் போனை எடுக்க வேண்டும், பொத்தானைத் தேட வேண்டும். கண்ணின் ஒரு திரும்பலுக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதற்காக யாரும் யோசிப்பதில்லை. காதின் ஒரு திரும்பலுக்கு முடிவெடுத்து, கையை நீட்டி, செய்துகொண்டிருக்கும் வேலையையும் நிறுத்த வேண்டும். அதனால் பெரும்பாலும் நாம் திரும்புவதில்லை. "பரவாயில்லை, போகப் போகப் புரியும்" என்று விட்டுவிடுகிறோம். கதையில் அது உண்மைதான், போகப் போகப் புரிந்துவிடும். ஒரு வாதத்தின் மூன்றாவது படியை விட்டால் நான்காவது புரியாது.

திரும்பிப் போவது மட்டுமல்ல, நின்று போவதும் உண்டு. ஒரு வரி நெஞ்சில் தைத்தால் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பக்கம் காத்திருக்கும். தெரிந்த விஷயமாக இருந்தால் ஒரு பத்தியையே கண்ணால் தடவிவிட்டுத் தாண்டலாம். ஒரே பக்கத்துக்குள் படிப்பவர் வேகத்தைப் பலமுறை மாற்றுகிறார். குரல் கொடுப்பவருக்கோ, கேட்பவர் யார், அவருக்கு எது தெரியும், எது புதிது என்று எதுவும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே சீரில் வாசித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

வேகத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர்கள் ஆங்கிலக் கட்டுரை நூல்களை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 238 சொற்கள், சத்தமாக வாசிக்கும்போது 183 என்று கணக்கிட்டார். ஆடியோ புத்தகக் குரல்கள் வழக்கமாக இதைவிடவும் நிதானம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொற்களை ஒட்டி வரும். 90,000 சொற்கள் உள்ள ஒரு புத்தகம் கேட்க 10 மணி நேரம், படிக்க ஆறேகால் மணி நேரம் சொச்சம். தமிழில் சொற்கள் நீளமானவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்பவை. ஆகவே இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும், பழகிய கண் குரலைவிட வேகமானது என்பது இங்கும் மாறாது.

அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் உள்ள ஒரு குணம் இன்னொன்று: இடம். "அந்த வரி இடது பக்கத்தில், கீழே, ஒரு படத்துக்குப் பக்கத்தில் இருந்தது" என்று நினைவுக்கு வருமே, அது பிரமை இல்லை. படித்த தகவல் பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை மக்கள் தங்களை அறியாமலே ஓரளவு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று எர்ன்ஸ்ட் ராத்கோப் 1971-இலேயே காட்டினார். தலைப்பு, பத்தி இடைவெளி, அட்டவணை, அடிக்குறிப்பு, கையில் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்ற கனம், இவை எல்லாம் நினைவுக்குப் பிடிமானங்கள். ஆடியோவில் இவை எதுவும் இல்லை. ஓடும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. அட்டவணையும் வரைபடமும் சூத்திரமும் உள்ள புத்தகத்தை ஆடியோவில் கேட்பது வீண் சிரமம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

மனம் எங்கே போகிறது?

2013-இல் கனடாவில் டிரிஷ் வராவ் சூசா உள்ளிட்ட மூவர் மனம் அலைவதை அளந்தார்கள். ஒரே வகைப் பகுதிகளை மௌனமாகப் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது, பிறர் வாசிக்கக் கேட்பது என்று மூன்று விதம். இடையிடையே நிறுத்தி, "இப்போது உங்கள் நினைப்பு இதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா?" என்று விசாரித்தார்கள். கேட்கும்போதுதான் மனம் அதிகம் அலைந்தது. வாய்விட்டுப் படித்தபோது மிகக் குறைவு. கேட்டதை நினைவில் வைப்பதும் பின்தங்கியது.

படிக்கும்போதும் மனம் அலையும், கண் மட்டும் வரிகளின் மேல் போய்க்கொண்டிருக்கும், இது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் அப்படி விழித்துக்கொண்டால், விட்ட இடம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. பக்கத்தின் மேலே போனால் போதும். ஆடியோவில் விழித்துக்கொள்ளும்போது கதை வேறு ஊருக்கே போயிருக்கும், எங்கே விட்டோம் என்பதும் தெரியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆடியோ புத்தகத்தை யாரும் கைகட்டி உட்கார்ந்து கேட்பதில்லை. நடக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது கேட்கிறார்கள். அதுதான் அதன் பெரிய வரம்; படிக்க முடியாத நேரங்களைப் புத்தகத்துக்குத் திறந்துவிடுகிறது. கை செய்யும் வேலை பழகிப்போனதாக, சொற்கள் தேவைப்படாததாக இருந்தால் கவனம் பெரிதாகச் சிதறாது. மொழியைப் பயன்படுத்தும் எந்த வேலையும் கூடாது. மெசேஜ் படிப்பது, பதில் எழுதுவது, பட்டியல் சரிபார்ப்பது எல்லாம் புத்தகம் கேட்கும் அதே திறனைப் பிடித்து இழுக்கும். இரண்டில் ஒன்று நிச்சயம் விழும், விழுவது பெரும்பாலும் புத்தகம்தான். தெரியாத சாலையில் வண்டி ஓட்டும்போது புத்தகத்தை நிறுத்திவிடுவதுதான் முறை. அங்கே புத்தகத்தைவிட உயிர் முக்கியம்.

குரல் கொடுப்பது என்ன?

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் அச்சே எல்லாவற்றிலும் மேல் என்று தோன்றலாம். இல்லை. எழுத்தால் சுமக்க முடியாத ஒன்றைக் குரல் சுமந்து வருகிறது.

"ரொம்ப நல்லா இருக்கு." இது பாராட்டா, கண்டனமா? எழுத்தில் முன்னும் பின்னும் பார்த்துத்தான் சொல்ல முடியும். குரலில் ஒரு கணத்தில் தெரிந்துவிடும். ஏற்றம், இறக்கம், நிறுத்தம், அழுத்தம் ஆகியவை வெறும் அலங்காரம் இல்லை. வாக்கியத்தின் எந்தத் துண்டு எதனோடு சேர்கிறது என்று காட்டும் இலக்கணமே அவற்றில் இருக்கிறது.

தமிழில் இது இன்னும் முக்கியம். நம் எழுத்து வாக்கியம் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில்தான் வினைமுற்றைத் தரும். யார் என்ன செய்தார் என்பது முடிவு வரை தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாக இருந்தால் கடைசிச் சொல்லை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். காது அத்தனையையும் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நல்ல வாசிப்பாளர் சரியான இடத்தில் மூச்சு விட்டு அந்தச் சுமையைப் பிரித்துக் கொடுப்பார். மூச்சை இடம் மாற்றி விடுகிறவர் கையில் சிக்கினால் எளிய நாவல்கூடக் கரடுமுரடாகும். அப்புறம், வட்டார வழக்கு உரையாடல்கள். அச்சில் பேச்சு வழக்கை எழுதும் முறை எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறும்; பழகாத கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கும். அதே உரையாடலை அந்த வழக்கு தெரிந்த ஒருவர் வாசித்தால் காது தயங்காமல் வாங்கிக்கொள்ளும். பேச்சாகப் பிறந்தது பேச்சாகவே வந்து சேர்கிறது.

இதில் ஒரு இழப்பும் கலந்திருக்கிறது. குரல் கொடுப்பவர் ஒரு வரியைக் கோபமாக வாசித்துவிட்டால், அது துயரமாகவும் இருந்திருக்கலாம் என்ற சாத்தியம் கேட்பவருக்கு மூடிவிடும். எழுத்தில் அந்த முடிவை நாம்தான் எடுக்கிறோம், மௌனமாகப் படிக்கும்போது உள்ளே ஒலிக்கும் நம்முடைய சொந்தக் குரலால். கவிதையை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு கேட்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். மேடைக்காக எழுதப்பட்ட நாடகத்துக்கு இது நேர்மாறு. அது குரலுக்காகவே காத்திருக்கும் எழுத்து.

கணினிக் குரல்கள் இப்போது எவ்வளவோ தெளிவாகிவிட்டன. செய்திக்கும் தகவல் கட்டுரைக்கும் அவை போதும். கதைக்கு நான் இன்னும் மனிதக் குரலைத்தான் கேட்பேன். ஐம்பது பக்கத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தையை மனதில் வைத்து இந்த வரியை வாசிக்கத் தெரிந்த குரல் வேண்டும்.

யாருக்காக வந்தது

தாமஸ் எடிசன் 1877-இல், ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் போனோகிராஃபை உருவாக்கியபோதே, பேசும் புத்தகம் என்ற யோசனையும் பிறந்துவிட்டது. ஆனால் அன்றைய உருளைகளில் சில நிமிடங்கள்தான் பதிய முடிந்தது. முழு நூல்கள் பதிவானது 1930-களில், பார்வையற்றவர்களுக்காக. அமெரிக்காவில் 1931-இல் பார்வையற்ற பெரியவர்களுக்கான நூலகத் திட்டத்துக்குச் சட்டம் வந்து, 1934-இல் பேசும் புத்தக இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கின. 1935-இல் பிரிட்டனிலும் தொடங்கியது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் தேவை அதற்கு ஒரு பெரிய தூண்டுகோல். வயதான பிறகு பார்வை போனவர்களில் பலருக்கு விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எளிதில் கைவராது. அவர்களுக்குப் புத்தகத்தை மீட்டுத் தந்தது இந்தத் தட்டுகள்தான். நிமிடத்துக்கு 33⅓ முறை மெதுவாகச் சுழலும் அமெரிக்கத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம். ஒரு நாவலுக்கு ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் வேண்டியிருக்கும்.

பொதுச் சந்தைக்கு அது வந்தது பிற்பாடுதான். 1952-இல் நியூயார்க்கில் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம் கவிஞர்கள் தங்கள் குரலிலேயே வாசித்ததைத் தட்டுகளாக வெளியிட்டது. பிறகு கேசட், சிடி. ஆடியோ புத்தகங்கள் விற்கும் ஆடிபிள் நிறுவனம் 1995-இல் தொடங்கி, 1997-இல் சுமார் இரண்டு மணி நேரம் ஒலிக்கும் ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள்.

"கேட்டால் கணக்கில் சேராது" என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும். பார்வை இல்லாத ஒருவர், எழுத்துகளைப் பிரித்தறிவதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ள ஒருவர், கை நடுக்கத்தால் புத்தகத்தைப் பிடிக்க முடியாத ஒருவர், இவர்கள் ஒரு நாவலை முழுக்கக் கேட்டு, அதன் பாத்திரங்களோடு வாழ்ந்து, அதைப் பற்றி நம்மோடு வாதம் செய்தால், அவர்கள் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? 2013-இல் ஏற்பட்ட மராகேஷ் சர்வதேச ஒப்பந்தம், இப்படி அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காகக் காப்புரிமை உள்ள நூல்களையும் மாற்று வடிவங்களில் உருவாக்க வழி செய்தது. அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல்.

வேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது

புத்தகத்தைத் தேர்வு செய்யும்போது ஒரு கேள்வி போதும்: இதில் நான் அடிக்கடி பின்னால் திரும்ப வேண்டியிருக்குமா? நாவல், வாழ்க்கை வரலாறு, பயணக் கட்டுரை, நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றில் பெரும்பாலும் வேண்டியிருக்காது, கேட்கலாம். தத்துவம், சட்டம், கணக்கு, தேர்வுக்கான பாடம் என்றால் அச்சுதான். பாத்திரங்கள் ஏராளமாக உள்ள பெரிய நாவலுக்கு முதல் சில அத்தியாயங்களை மட்டும் அச்சில் படித்து, பெயர்களும் உறவுகளும் மனதில் நின்ற பிறகு ஆடியோவுக்கு மாறலாம். ஏற்கெனவே படித்த நூலைக் கேட்பது தனிச் சுகம். கதைக்காக அவசரப்பட்டு ஓடிய இடங்களில் குரல் நம்மை நிறுத்தி நடத்திச் செல்லும்.

வேகத்தைக் கூட்டிக் கேட்பது பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டில்லன் மர்ஃபியும் மற்றவர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரைக் காணொளிகளை 2 மடங்கு வேகம் வரை ஓட்டிப் பார்த்த மாணவர்களின் புரிதல் அதிகம் குறையவில்லை, 2.5 மடங்கில் குறைந்தது. தகவலுக்காகக் கேட்கும்போது 1.25, 1.5 மடங்கு வைப்பதில் தவறே இல்லை. கதையில் நான் அதைச் செய்ய மாட்டேன். அங்கே இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் நிறுத்தமும் கதைதான், வேகத்தைக் கூட்டினால் முதலில் சுருங்குவது அதுதான்.

காதுக்குத் திரும்பும் வசதி இல்லை என்றேன். அந்தக் குறையைப் பாதி சரிசெய்யலாம். பெரும்பாலான செயலிகளில் 10, 15 அல்லது 30 விநாடி பின்னால் போகும் பொத்தான் உண்டு. பல ஹெட்போன்களில் இரண்டு மூன்று முறை தட்டினால் இதே வேலை நடக்கும்படி அமைக்கலாம்; போனைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். படிக்கும்போது நம் கண் எத்தனை முறை திரும்பியது என்று நாம் எண்ணுவதில்லை, இங்கும் எண்ண வேண்டியதில்லை. அத்தியாயம் முடிந்ததும் ஓட விடாமல் நிறுத்தி, இதுவரை நடந்ததை நமக்கு நாமே இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வரவில்லை என்றால் மனம் எங்கேயோ போயிருந்தது என்று அர்த்தம். அந்த அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து வையுங்கள். தூங்கும் முன் கேட்பவர்கள் தானாக நிற்கும் டைமரை வைத்துக்கொள்வது நல்லது, மறுநாள் காலையில் நாலு அத்தியாயம் தாண்டிப் போய் நிற்கும் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேட வேண்டியிராது.